ஆன்டிபயாடிக் இல்லாத கோழிப்பண்ணை: எது யார் கையில் இருக்கிறது?

பல்லடம், பொங்கலூர், சுல்தான்பேட்டை வட்டாரத்துக் கறிக்கோழிப் பண்ணைகளுக்கும், அவ்வப்போது நாமக்கல் பக்கத்து முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கும் சென்று வருகிற கால்நடை மருத்துவனாகிய என்னிடம் இப்போதெல்லாம் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது என்கிறீர்கள், சரி, அதற்குப் பதிலாக எதைக் கொடுப்பது? கேட்பவர் எதிர்பார்ப்பது ஒரு பாட்டிலின் பெயரை. நான் பெயர் எதுவும் சொல்லாமல், முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குஞ்சு எத்தனை நாள், தரையில் போட்டிருக்கும் தென்னைநார்க் கழிவான மஞ்சியை எப்போது கிளறிவிட்டீர்கள் என்று திருப்பிக் கேட்பதால், சிலர் இவருக்கு மருந்து தெரியாது போலிருக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

நம் பண்ணைகளில் ஆன்டிபயாடிக் பல வேலைகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நோய் வந்த கோழியைக் குணப்படுத்துவது அவற்றுள் ஒன்று மட்டுமே. அதுகூடப் பெரிய பங்கில்லை. 1940களின் இறுதியில் அமெரிக்காவில், குளோர்டெட்ராசைக்ளின் தயாரித்தபின் எஞ்சிய நொதிச் சக்கையைக் குஞ்சுத் தீவனத்தில் கலந்து பார்த்தபோது குஞ்சுகள் வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்தன. அதிலிருந்துதான், சிகிச்சைக்குரிய அளவைவிட மிகக் குறைவாக, நோய் இருக்கிறதோ இல்லையோ, நாள்தோறும் தீவனத்தோடு ஆன்டிபயாடிக் கலக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது. குறைந்த அளவு மருந்தைத் தொடர்ந்து சந்திக்கும் பாக்டீரியாக்களில் எதிர்ப்புத்திறன் கொண்டவை மட்டும் பிழைத்துப் பெருகும் என்பது பின்னர் தெளிவானது. சுவீடன் 1986இல் இதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக் தீவனத்திலிருந்து நீங்கியது. இடையில் டென்மார்க்கின் கறிக்கோழி வளர்ப்போர் 1998இல் தாமாகவே நிறுத்திப் பார்த்தார்கள். இறப்பு கூடவில்லை, எடை குறையவில்லை, ஒரு கிலோ எடைக்குத் தேவைப்பட்ட தீவனம் மட்டும் சிறிதளவு கூடியது. இந்தத் தகவலை இங்கே சொல்லும்போதெல்லாம், அவர்கள் ஊர்க் குளிரும் மூடிய கொட்டகையும் வேறு என்று பதில் வரும். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ஆகவேதான் மாற்று என்பதை நம் ஊர்த் தண்ணீரையும் காற்றையும் வெயிலையும் வைத்துப் பேச வேண்டியிருக்கிறது.

சட்டம் ஏற்கெனவே ஓரளவு பேசிவிட்டது. கொலிஸ்டின் என்ற மருந்து மனிதர்களின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறெதுவும் கேட்காதபோது கடைசியாகக் கையில் எடுக்கப்படுவது. அதற்கு எதிர்ப்பைத் தரும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் தாவும் வடிவில் இருப்பதை 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இந்தியாவில் 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளிலும் கோழிகளிலும் தீவனச் சேர்க்கைகளிலும் கொலிஸ்டின் தடை செய்யப்பட்டது. அதற்கும் முன்பே, 2012இல் வந்த விதி ஒன்று நம் பண்ணையாளர் பலருக்கும் சரியாகச் சென்று சேரவில்லை என்று நினைக்கிறேன். மருந்தை நிறுத்தியபின் விற்காமல் காத்திருக்க வேண்டிய நாள்களான விலக்குக் காலம் லேபிளில் தனியாகக் குறிப்பிடப்படாவிட்டால், முட்டைக்குக் குறைந்தது 7 நாளும், கோழி இறைச்சிக்குக் குறைந்தது 28 நாளும் கடந்த பிறகே விற்க வேண்டும் என்பது அந்த விதி. நம் கறிக்கோழி 35 முதல் 45 நாளுக்குள் லோடு ஏறிவிடுகிறது. அதிலிருந்து 28ஐக் கழித்துப் பார்த்தால், முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குப் பிறகு லேபிளில் நாள் குறிப்பிடாத எந்த ஆன்டிபயாடிக்குக்கும் இடமே இல்லை.

கொங்கு வட்டாரத்துக் கறிக்கோழி வளர்ப்பில் பெரும்பகுதி ஒப்பந்த முறையில் நடப்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. குஞ்சு, தீவனம், மருந்து, தடுப்பூசி, மேற்பார்வை ஆகியவை கம்பெனியுடையவை. கொட்டகை, தண்ணீர், கரண்டு, மஞ்சி, ஆள், உழைப்பு ஆகியவை பண்ணைக்காரருடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி, அதில் ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தீவனம் என்ற தீவன மாற்று விகிதத்தையும் இறப்பையும் பார்த்துக் கூட்டலும் கழித்தலும். ஆன்டிபயாடிக்குக்கு மாற்றாகச் சொல்லப்படுபவை எல்லாம் இந்தக் கோட்டின்படியே இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. தீவனத்தில் கலக்க வேண்டிய அமிலமும் நொதியும் நன்மை செய்யும் பாக்டீரியாவும் கம்பெனியின் தீவன ஆலையில் முடிவாகின்றன. அவற்றைப் பற்றிப் பண்ணைக்காரருக்குப் பாடம் நடத்திப் பயனில்லை. தண்ணீரும் தரையும் காற்றோட்டமும் அவர் கையில் இருப்பவை. கூட்டங்களில் மாற்று மருந்து என்று பேசுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கிவிட்டுப் போவது எனக்கு நெடுநாளாக ஒப்பாத ஒன்று.

செத்த கோழியை அறுத்துப் பார்க்கும்போது நான் அதிகம் காண்பது ஈ.கோலை நோய். மார்புக் கூட்டைத் திறந்ததும் கல்லீரலின் மேல் தயிராடை நிறத்தில் ஒரு படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். இடுக்கியால் பற்றினால் தாளாக உரிந்து வரும். இதயத்தைச் சுற்றிய உறையும் அவ்வாறே தடித்து, கண்ணாடித் தெளிவோடு இருக்க வேண்டிய காற்றுப் பைகளில் மஞ்சள் கட்டிகள் தேங்கியிருக்கும். கிருமியின் பெயர் ஈ.கோலை என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கிருமி நல்ல கோழியின் குடலிலும் எப்போதும் இருப்பதுதான். அது மூச்சுக்குழல் வழியாகக் காற்றுப் பைக்குள் இறங்கியது எப்படி என்பதே நாம் விசாரிக்க வேண்டியது. மூச்சுக்குழலின் உட்சுவரில் தூசியையும் கிருமியையும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்ணிய மயிர்கள் உண்டு. நனைந்த மஞ்சியிலிருந்து எழும் அம்மோனியா அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 25 பங்கு அம்மோனியா என்பது தாண்டக் கூடாத வரம்பாகக் கொள்ளப்படுகிறது. நாள் முழுதும் கொட்டகைக்குள் இருப்பவருக்கு மூக்கு மரத்துப்போய் அந்த நெடி தெரிவதில்லை; வெளியிலிருந்து வருபவர் கண் எரிந்தால் அதை நம்ப வேண்டும். இதோடு மைக்கோபிளாஸ்மா என்னும் சளிக் கிருமியோ, வெள்ளைக் கழிச்சலுக்கான லாசோட்டா தடுப்பு மருந்து கொடுத்தபின் வரும் இலேசான எதிர்வினையோ சேர்ந்துகொண்டால் ஈ.கோலைக்குக் கதவு திறந்துவிடுகிறது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து ஆடியில் பல்லடம், உடுமலை பக்கம் அடிக்கும் காற்றை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. காற்றாலைக்காரர்களுக்கு அது வரவு. கோழிக் கொட்டகைக்கோ தூசி. அதற்குப் பயந்து படுதாவை முழுவதும் இறக்கிக் கட்டிவிட்டால் உள்ளே அம்மோனியா தேங்கும். முழுவதும் ஏற்றிவிட்டால் குஞ்சு குளிரில் ஒடுங்கும். காற்று வரும் பக்கத்துப் படுதாவை மேலே ஒரு சாண், இரண்டு சாண் மட்டும் திறந்து, எதிர்ப்பக்கத்தைக் கூடுதலாகத் திறந்துவிடுவதும், பொழுதுக்கேற்ப அதை மாற்றிக்கொண்டே இருப்பதும் வேலை மிகுந்த ஏற்பாடுதான். ஆனால் ஆடிப் பேட்சில் சளியும் ஈ.கோலையும் குறைந்த பண்ணைகளைப் பார்த்தால் அங்கே படுதாக் கயிறு நாளில் பல முறை கையாளப்படுவது தெரியும். மஞ்சியின் ஈரத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தால், உருண்டையாகவே நின்றுவிட்டால் ஈரம் அதிகம். இலேசாகச் சேர்ந்து உடனே உதிர்ந்தால் சரியான பதம். ஐப்பசி மழையில் இந்தச் சோதனையைத் தினமும் செய்ய வேண்டும்; சுண்ணாம்பு தூவிக் கிளறிவிடுவதையும், கட்டி தட்டிய பகுதியை அள்ளி வெளியே கொட்டுவதையும் தள்ளிப்போடக் கூடாது.

இனித் தண்ணீர். என் கணிப்பில், கொங்குப் பகுதியில் ஆன்டிபயாடிக்குக்கு முதல் மாற்று தண்ணீர்க் குழாய்தான். பொங்கலூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் முதல் வாரத்திலேயே குஞ்சுகள் கழிந்துகொண்டிருந்தன. தொப்புள் பகுதி வீங்கி, உள்ளே மஞ்சள்கரு கரையாமல் கெட்டுப்போயிருந்த குஞ்சுகளும் சில இருந்தன. பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள், "ஏனுங்க சார், போன தடவை கொடுத்த பவுடரையே கொடுத்துரலாங்களா?" என்று கேட்டார். நான், குஞ்சுகள் கொத்திக் குடிக்கும் நிப்பிள்கள் பொருத்திய குழாய் வரிசையின் கடைக்கோடியில் இருந்த மூடியைக் கழற்றி, சுட்டுவிரலை உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்தேன். விரல் முழுதும் பழுப்பு நிறத்தில் வழவழப்பான படலம். முகர்ந்தால் இலேசான புளித்த வாடை. அவர் முகம் மாறிவிட்டது. "நாங்களும் இந்தத் தண்ணியத்தானுங்க குடிக்கிறோம்" என்றார். "நீங்க குடிக்கிறது தொட்டித் தண்ணிங்கக்கா, குஞ்சு குடிக்கிறது இந்தக் குழாய்த் தண்ணி" என்றேன்.

அந்தப் படலம் உருவாவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வாரத்தில் குஞ்சு குடிக்கும் தண்ணீர் மிகக் குறைவு என்பதால் குழாயில் நீர் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. குஞ்சுக்காக நாம் கொட்டகையை 32, 33 டிகிரிக்குச் சூடேற்றி வைத்திருப்பதால் குழாய் நீரும் அதே வெதுவெதுப்பில் இருக்கிறது. அதோடு வைட்டமின், எலக்ட்ரோலைட், குளுக்கோஸ் என்று சர்க்கரை கலந்த பொருள்களைக் குழாய் வழியாகவே அனுப்புகிறோம். பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான இடம் அமையாது. அவை சுவரில் ஒட்டிக்கொண்டு பசைபோன்ற ஒன்றைச் சுரந்து அதற்குள் ஒளிந்துகொள்ளும். அதன்பின் வழக்கமான அளவு குளோரின் மேற்பரப்பைத் தொட்டுவிட்டுப் போகுமே தவிர உள்ளே இறங்காது. ஆகவே ஒரு பேட்ச் ஏற்றியபின், கொட்டகை காலியாக இருக்கும் நாள்களில், குழாய் முழுவதையும் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலால் நிரப்பிச் சில மணி நேரம் ஊறவிட்டு, பிறகு முழு அழுத்தத்தில் நீரை விட்டுக் கடைக்கோடி வழியாக வெளியேற்ற வேண்டும். குஞ்சு உள்ளே இருக்கும் காலத்திலும் வைட்டமின் கொடுத்த ஒவ்வொரு முறைக்குப் பிறகும் குழாயை வெறும் நீரால் அலசிவிட வேண்டும்.

குளோரின் விஷயத்தில் நம் போர்த் தண்ணீருக்கென ஒரு தனிச் சிக்கல் உண்டு. நீரில் கலந்த குளோரின் இரு வடிவங்களில் இருக்கும். அவற்றுள் ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற வடிவமே கிருமியை விரைந்து கொல்வது. நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.5 அளவில் இருந்தால் குளோரினில் ஏறக்குறையப் பாதிதான் அந்த வடிவில் இருக்கும், 8.5ஐத் தொட்டால் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும், 6.5க்குக் கொண்டுவந்தால் பத்தில் ஒன்பது பங்கு வேலை செய்யும். ஆழ்குழாய்களிலிருந்து வரும் நம் உப்பு நீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. பிளீச்சிங் பவுடரும் காரமே. தொட்டியில் அள்ளிப் போட்டு, வாசம் வருகிறது, போதும் என்று திருப்திப்படுபவரின் குழாயில் கடைசி நிப்பிளில் வேலை செய்யும் குளோரின் இல்லாமலே போகலாம். லிட்டருக்கு 2 முதல் 5 மில்லிகிராம் வரை கடைசி நிப்பிளில் இருக்கிறதா என்று சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியால் பார்த்துவிட வேண்டும். தொட்டியில் பார்ப்பதற்குப் பொருளில்லை. அமிலம் சேர்த்து பி.எச்.சைக் குறைப்பவர்கள் அமிலத்தையும் பிளீச்சிங்கையும் ஒரே வாளியில் கரைத்துவிடக் கூடாது. அப்படிக் கரைத்தால் குளோரின் வாயு எழுந்து ஆளையே வீழ்த்திவிடும். தனித்தனியாக, நீர்த்த நிலையில்தான் சேர்க்க வேண்டும். தண்ணீர் வழியாகத் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளுக்கு முன்னும் பின்னும் குளோரினை நிறுத்தி, அன்று கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கலப்பதை மறந்துவிட்டால் தடுப்பு மருந்தும் வீண், அதன் பிறகு வரும் நோய்க்கு மருந்தும் வீண்.

கரிம அமிலங்கள், அதாவது ஃபார்மிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் போன்றவை, குளோரினிலிருந்து வேறுபட்ட வழியில் செயல்படுகின்றன. பிரியாத நிலையில் உள்ள அமில மூலக்கூறு பாக்டீரியாவின் சுவரைக் கடந்து உள்ளே போய், அங்குள்ள நடுநிலைச் சூழலில் பிரிந்து, உள்ளிருந்தே அதன் பி.எச்.சைக் குலைக்கிறது, பாக்டீரியா தன் ஆற்றலையெல்லாம் அமிலத்தை வெளியே தள்ளுவதிலேயே செலவழித்து ஓய்ந்துபோகிறது. சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியும் ஈ.கோலையும் இதற்கு எளிதில் ஆட்படும். நன்மை செய்யும் லாக்டோபேசில்லஸ் இனம் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இதன் வேலை இரைப்பையிலும் அரவைப் பையிலும் நடக்கிறது. அதற்குக் கீழே போவதற்குள் அமிலம் உறிஞ்சப்பட்டுவிடுவதால், குடலின் கீழ்ப்பகுதிக்குப் போய்ச் சேர வேண்டுமானால் கொழுப்பால் பூசிய குறுமணி வடிவில் தீவனத்தில் தர வேண்டும். அது கம்பெனியின் பக்கத்து வேலை. தண்ணீரில் கொடுப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாட்டிலில் அச்சிட்ட அளவு எல்லா ஊர்த் தண்ணீருக்கும் பொருந்தாது. கடின நீர் அமிலத்தை விழுங்கிவிடும், பி.எச். தாளை நனைத்துப் பார்த்து 4க்கும் 5க்கும் இடையில் வரும்வரை அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். மிகக் குறைவாகக் கொடுத்துத் தொடர்ந்து விட்டால் பாக்டீரியாவுக்குப் பதில் பூஞ்சையும் ஈஸ்ட்டும் குழாயில் வளரத் தொடங்கும்.

நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கொடுத்துத் தீய பாக்டீரியாவைத் தடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு உறுதியான அடித்தளம் 1973இல் பின்லாந்தில் கிடைத்தது. நூர்மி, ரந்தாலா என்ற இரு ஆய்வாளர்கள் வளர்ந்த கோழியின் குடல் உள்ளடக்கத்தைப் பிறந்த குஞ்சுகளுக்குக் கொடுத்து, பிறகு சால்மோனெல்லாவைக் கொடுத்தபோது, குஞ்சுகளிடம் தொற்று நிலைகொள்ளவில்லை. தாய்க்கோழியோடு புழுதியில் மேய்ந்து வளரும் நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு இது இயல்பாகவே நடந்துவிடுகிறது. குஞ்சுப் பொரிப்பகத்தில் தாயின் முகத்தையே பார்க்காமல் தட்டில் பொரிந்து, பெட்டியில் ஏறி வருகிற குஞ்சின் குடலோ யார் முதலில் வந்தாலும் இடம் கொடுக்கும் வெற்றிடமாக இருக்கிறது. ஆகவே புரோபயாடிக் எனப்படும் இந்த நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கொடுக்க உகந்த காலம் முதல் நாளே. முடிந்தால் பொரிப்பகத்திலேயே தெளித்து அனுப்ப வேண்டும். இருபதாம் நாளில் கழிச்சல் கண்டபிறகு வாங்கி ஊற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தீவனத்தில் கலப்பதானால், குருணைத் தீவனம் தயாரிக்கும் வெப்பத்தைத் தாங்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் போன்ற வித்து வகைகளே பொருத்தம். லாக்டோபேசில்லஸ் அந்தச் சூட்டில் மடிந்துவிடும். குளோரின் கலந்த நீரில் புரோபயாடிக்கைக் கரைப்பதும், ஒரு வேளை ஆன்டிபயாடிக், மறுவேளை புரோபயாடிக் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பதும் நடக்கத்தான் செய்கின்றன. பணத்தைத் தண்ணீரில் கரைப்பது என்பது இங்கே சொல்லளவில் நின்றுவிடுவதில்லை.

ஈஸ்ட் சுவரிலிருந்து எடுக்கும் மேனன் சர்க்கரை வகைகள் ஈ.கோலை, சால்மோனெல்லா ஆகியவற்றின் ஒட்டும் இழைகளைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு, அவை குடல் சுவரில் பற்றாமல் வெளியேறச் செய்கின்றன. நல்ல துணை, தனியாக நின்று நோயைத் தடுக்கும் அளவுக்கு எதிர்பார்க்கக் கூடாது.

குடல் அழற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தீவன ஆன்டிபயாடிக்கை நிறுத்தினால் முதலில் தலைதூக்குவது அதுவே. குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமி குடலில் பெருகி நச்சைச் சுரக்கும்போது, சிறுகுடலின் உட்புறம் தேங்காய்ப்பூத் துண்டுபோலச் சொரசொரவென்று மாறிவிடுகிறது. இந்தக் கிருமிக்கும் வழிவிட ஒருவர் வேண்டும். பெரும்பாலும் அது காக்சிடியா. இரத்தக் கழிச்சல் என்று நாம் அறிந்த அந்த ஒட்டுண்ணி குடல் சுவரைக் கிழித்துப் புரதத்தைக் கசியவிட, குளோஸ்ட்ரிடியம் அதை உண்டு கொழுக்கிறது. செரிக்காத புரதம் மிகுந்த தீவனமும், தரமற்ற மீன்தூளும், கோதுமை, பார்லி போன்ற தானியங்களைத் திடீரென்று கூட்டுவதும் இதே விளைவைத் தரும். ஆகவே காக்சிடியாவைக் கட்டுப்படுத்துவதும், செரிமானத்தைக் கூட்டும் நொதிகளைச் சேர்ப்பதும், புரதத்தை அளவோடு வைத்து அமினோ அமிலங்களால் ஈடுகட்டுவதும் ஆன்டிபயாடிக்குக்கு மாற்றாகவே கணக்கில் வர வேண்டும். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளமும் இங்கே சேரும். அந்தப் பூஞ்சணத்தின் நச்சான அஃப்ளாடாக்சின் கோழியின் எதிர்ப்புச் சக்தியைக் குலைத்துவிட்ட பின் எந்தத் தடுப்பு மருந்தும் முழுப் பயன் தராது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது. சொந்தமாகத் தீவனம் அரைக்கும் முட்டைக்கோழிப் பண்ணையாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அக்கல்லூரியிலிருந்து வாரந்தோறும் நாளிதழ்களில் வருகிற வானிலை ஆலோசனையில், பரிசோதனைக்கு வந்த இறந்த கோழிகள் எதனால் இறந்தன என்ற ஒரு வரியும் இருக்கும். சித்திரையில் பெரும்பாலும் வெப்ப அயற்சி என்றிருக்கும். அந்த வரியை நான் தவறாமல் படிக்கிறேன்; வெப்பத்தில் மூச்சிரைக்கும் கோழியின் குடல் சுவரும் இளகி, உள்ளிருக்கும் கிருமிகள் இரத்தத்தில் கலக்க வாய்ப்பு கூடுவதால், அது பாக்டீரியா நோய்க்கும் முன்னறிவிப்பாகிறது.

மூலிகைகளைப் பற்றி எழுதினால் எப்படி எழுதினாலும் ஒரு சாராருக்கு வருத்தம் வரும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் விளையும் மண்ணில், மஞ்சளைக் கோழிக்குக் கொடுக்காதே என்று யார் சொல்லிக் கேட்பார்கள்? கொடுக்கலாம். மஞ்சளில் உள்ள குர்குமின் இரத்தத்தில் மிகக் குறைவாகவே ஏறும் என்பதால், குடலுக்குள்ளேயே அழற்சியைத் தணிக்கும் வேலைக்கு அது ஏற்றது. காற்றுப் பையில் சீழ் கட்டிய கோழிக்கு அதனிடம் விடை இல்லை. ஓமத்தின் எண்ணெயில் முதன்மையாக இருப்பது தைமால். ஐரோப்பியக் கம்பெனிகள் தைம் செடியிலிருந்தும் ஆரிகனோவிலிருந்தும் எடுத்து விற்கும் கலவைகளில் உள்ள தைமாலும் கார்வக்ராலும் பாக்டீரியாவின் சவ்வைத் துளைப்பவை. பூண்டின் அல்லிசின் பாக்டீரியாவின் நொதிகளை முடக்குவது. இவை வேலை செய்யும் என்பதில் எனக்கு ஐயமில்லை, அளவில்தான் ஐயம். ஓமத்தை வறுத்துப் பொடித்துத் தீவனத்தில் தூவினால் எண்ணெயின் பெரும்பகுதி அடுப்படியிலேயே ஆவியாகிவிடுகிறது. சந்தையில் கிடைக்கும் "ஹெர்பல்" பாட்டில்கள் பலவற்றில் எந்தக் கூறு எத்தனை விழுக்காடு என்று அச்சிடுவதே இல்லை. அச்சிடாததை நான் எழுதிக் கொடுப்பதில்லை. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, பூண்டு, சின்ன வெங்காயம் ஆகியவற்றை அரைத்துக் கொடுக்கும் மரபு முறை, புறக்கடையில் பத்து நாட்டுக்கோழி வைத்திருப்பவருக்கு ஆதரவு வைத்தியமாக உகந்தது. பத்தாயிரம் குஞ்சுள்ள கொட்டகைக்கு அதை அப்படியே பெருக்கிக்கொண்டு போக முடியாது.

நாமக்கல்லின் நிலைமை வேறு. முட்டைக்கோழி ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகக் கூண்டில் இருக்கும். ஒரே பண்ணையில் குஞ்சும் வளர்பருவமும் கிழக்கோழியும் அடுத்தடுத்த கொட்டகைகளில் இருப்பதால், பண்ணை முழுவதும் காலியாகிக் கிருமி ஓயும் நாள் வருவதே இல்லை. முகம் வீங்கி, மூக்கில் நாற்றமடிக்கும் சளி ஒழுகும் கொரைசா நோய் ஒரு முறை நுழைந்துவிட்டால், மருந்து கொடுக்கும்வரை அடங்கி, நிறுத்தியதும் திரும்ப எழும். இங்கே மாற்று என்றால் தடுப்பூசிதான். வளர்பருவத்திலேயே இருமுறை போட்டுவிட வேண்டும். ஏ, பி, சி என்ற வகைகளுள் நம் பகுதியில் நடமாடுவது தடுப்பூசியில் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கோழி டைஃபாய்டுக்குப் பல நாடுகளில் 9ஆர் என்ற உயிருள்ள, வீரியம் குறைத்த சால்மோனெல்லா தடுப்பூசி நெடுங்காலமாகப் பயனில் உள்ளது. உயிருள்ள பாக்டீரியாத் தடுப்பூசி போடும் காலத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்தால் தடுப்பூசியே செத்துப்போகும். மருந்தை நிறுத்தினால்தான் பயன் தருகிற மருந்து இது.

பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களான ஃபேஜ்களைப் பற்றி இளம் மருத்துவர்கள் ஆர்வத்தோடு கேட்கிறார்கள். அவை புதியவை என்று எண்ண வேண்டாம். அவற்றுக்குப் பெயரிட்ட தெரெல், 1919இல் பிரான்சின் கிராமப்புறத்தில் முதலில் முயன்று பார்த்தவற்றுள் ஒன்று கோழி டைஃபாய்டு நோயே. பென்சிலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஏறக்குறைய பத்தாண்டுகள் முந்தைய செய்தி இது. ஃபேஜ் தனக்குரிய பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். மற்ற நல்ல பாக்டீரியாக்களைத் தொடாது. கிருமி இருக்கும்வரை தானும் பெருகும். அந்தக் குறுகிய குறியே அதன் குறையும் ஆகிறது. பல்லடத்து ஈ.கோலைக்குப் பொருந்தும் ஃபேஜ் இராசிபுரத்து ஈ.கோலையைக் கண்டுகொள்ளாமல் போகலாம்; பாக்டீரியாவும் விரைவில் தப்பிக்கக் கற்றுக்கொள்ளும். ஆகவே பல ஃபேஜ்களைக் கலந்து, அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். நோயுற்ற கோழிகளின் கிருமிகளைத் தொடர்ந்து சேகரித்து வைக்கும் ஆய்வக வசதி வட்டாரந்தோறும் இருந்தாலன்றி இது பண்ணைவரை வராது. நோய்க்கிருமிக்கு எதிராகக் கோழிக்கு ஊசி போட்டு, அதன் முட்டை மஞ்சள்கருவில் சேரும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்துக் குஞ்சுகளுக்கு வாய்வழி கொடுப்பது இன்னொரு வழி. முட்டைக்குப் பஞ்சமில்லாத நாமக்கல்லில் இதை யாரும் பெரிய அளவில் எடுத்துச் செய்யாதது எனக்கு வியப்பளிக்கிறது.

இவ்வளவும் செய்தபிறகும் ஒரு நாள் நோய் வரும். அன்று ஆன்டிபயாடிக் கொடுக்க மறுத்துக் கோழிகளைத் துடிக்கவிடுவது சரியன்று. அறுத்துப் பார்த்து, கல்லீரலிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படுகிறது என்று பார்த்து, முழு அளவில், முழு நாள்களுக்குக் கொடுக்க வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால், கம்பெனி சூப்பர்வைசர் பையில் இருக்கும் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைப் பிரித்துக் கலக்கத் துடிப்பார். அமெரிக்காவில் 2005இலேயே கோழிகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்துவிட்டார்கள். முட்டைக்கோழிப் பண்ணையில் சிகிச்சை நடக்கும் நாள்களின் முட்டைகளையும் அதன்பின் வரும் விலக்குக் கால முட்டைகளையும் விற்காமல் ஒதுக்க வேண்டும் என்று சொல்லும்போது பண்ணையாளர் என்னைப் பார்க்கும் பார்வை எனக்குப் பழகிவிட்டது. ஐம்பதாயிரம் கோழியின் ஒரு வார முட்டை என்பது சிறிய தொகை இல்லை. ஒப்பந்தப் பண்ணையிலும் விலக்குக் காலம் முடியும்வரை லோடைத் தள்ளிப்போட்டால் கூடுதலாகத் தின்னும் தீவனம் பண்ணைக்காரரின் கூலியில் கழிகிறது. அந்தக் கழிவைக் கம்பெனி ஏற்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கும்படி சங்கக் கூட்டங்களில் கேட்டு வருகிறேன். இப்போதுள்ள தாளில் அப்படி ஒரு வரி இல்லை.